குழந்தை நலக் கணக்கும் கிராமப் பஞ்சாயத்தும்

நிலத்துக்குக் கணக்கு உண்டு. எந்த சர்வே எண்ணில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்பதை அடங்கலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மழைக்குக் கணக்கு உண்டு. பாலுக்கும் கணக்கு உண்டு. சங்கத்தில் ஊற்றும் பாலின் அளவும் அதன் கொழுப்புச் சத்தும் வேளை தவறாமல் எழுதப்படுகின்றன. இவ்வளவுக்கும் கணக்கு வைத்திருக்கும் நம் கிராமங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் வயதுக்கேற்ற எடையில்லாதவர் எத்தனை பேர், சென்ற ஆண்டு ஒரு வயது நிறையுமுன் இறந்த குழந்தைகள் எத்தனை, ஏன் இறந்தன என்று கேட்டால், தயங்காமல் விடை கூறக்கூடிய பஞ்சாயத்து உறுப்பினர் மிகச் சிலரே.

கணக்கே எழுதப்படவில்லை என்று கூற முடியாது. அங்கன்வாடியில் எழுதப்படுகிறது, துணை சுகாதார நிலையத்தில் எழுதப்படுகிறது, பள்ளிக்கூடத்திலும் எழுதப்படுகிறது. எழுதப்பட்ட கணக்கு கிராமத்திலிருந்து வட்டாரத்துக்கும், வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து தலைநகருக்கும் செல்கிறது. அக்கணக்கு பிறந்த கிராமத்தார் மட்டும் அதைப் படிப்பதில்லை. இக்குறையை நீக்கும் வழி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநிலம் எவ்வாறு அறிகிறது?

ஒரு மாநிலத்தின் குழந்தைகள் எந்நிலையில் இருக்கின்றனர் என்பதை அரசாங்கம் மூன்று வழிகளில் அறிகிறது.

முதலாவது, பிறப்பு இறப்புப் பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது இதனால் வரும் ஒரு பயன். எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இழந்தோம் என்று நாடு அறிவது மற்றொரு பயன்.

இரண்டாவது, பணியிடப் பதிவேடுகள். கர்ப்பிணியின் பெயர் சுகாதார நிலையத்தில் பதிவாகும்போதே அவருக்கு 12 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. பேறுகாலக் கவனிப்பும் குழந்தையின் தடுப்பூசிகளும் அந்த எண்ணோடு தொடர்ந்து செல்கின்றன. அங்கன்வாடியில் குழந்தையின் எடையும் உயரமும் மாதந்தோறும் குறிக்கப்படுகின்றன. முன்பு நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டவை, 2021 மார்ச்சு முதல் போஷன் டிராக்கர் என்னும் கைப்பேசிச் செயலி வழியே பதிவாகின்றன. பள்ளி மாணவரின் விவரங்கள் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் உள்ளன.

மூன்றாவது, மாதிரிக் கணக்கெடுப்பு. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழியின் வழியே நடப்பது இது. விளைச்சலை மதிப்பிடப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வயலைத் தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில் வந்த எண்ணுக்குரிய வயலில் அளந்து கயிறு கட்டி, அத்துண்டில் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுத்துகிறார்கள். குழந்தை நலத்துக்கும் அதே முறைதான். தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93-இல் முதன்முதலாக நடந்தது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வுக்காகத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28,000 வீடுகளுக்குச் சென்று, குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்து, இரத்தப் பரிசோதனையும் செய்தனர்.

பதிவேடு யாருக்கு உதவி தேவை என்று பெயரோடு காட்டும். மாதிரிக் கணக்கெடுப்பு, செய்த வேலை பயன் தந்ததா என்று மாநிலம் முழுமைக்கும் காட்டும். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்ய இயலாது.

எண்கள் கூறும் செய்தி

1971-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்று மாதிரிப் பதிவு முறையின் கணக்கு கூறிற்று. அதே முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 13 ஆகக் குறைந்திருந்தது. அவ்வாண்டில் இந்தியா முழுமைக்குமான தொகை 28. அரை நூற்றாண்டில் கிட்டிய இவ்வெற்றியில் கிராமச் செவிலியர்க்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், மகளிர் கல்விக்கும், சத்துணவுக்கும் பங்கு உண்டு.

ஆயினும், பிழைத்த குழந்தை செழிப்பாக வளருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு மூன்று அளவைகள் உள்ளன. நாற்றுப் பருவத்திலிருந்தே எருவும் நீரும் போதாமல் வந்த பயிர் குட்டையாகவே நின்றுவிடும். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தை அத்தகையது. நன்றாக வளர்ந்துவந்த பயிர் சில நாள் நீரின்றிப் போனாலும் வாடித் துவளும். உயரத்துக்கேற்ற எடையில்லாத குழந்தை அத்தகையது. முன்னது நெடுநாள் குறை. பின்னது அண்மையில் நேர்ந்த நோய் அல்லது பசியின் அடையாளம். வயதுக்கேற்ற எடையின்மை என்பது இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் தெரியும் பொது அறிகுறி.

2015-16 ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27.1 சதவிகிதம் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள்; 2019-21-இல் 25.0 சதவிகிதம். உயரத்துக்கேற்ற எடையற்றவர்கள் 19.7 சதவிகிதத்திலிருந்து 14.6 ஆகவும், வயதுக்கேற்ற எடையற்றவர்கள் 23.8-இலிருந்து 22.0 ஆகவும் குறைந்தனர். இவை நற்செய்திகள். ஆனால் அதே காலத்தில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை உடையோர் 50.7 சதவிகிதத்திலிருந்து 57.4 சதவிகிதமாக உயர்ந்தனர். எடை கூடினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் எண்ணியிருந்தால் இக்குறை புலப்பட்டிராது. இரத்தசோகை வெளியே தெரியாத நோய். ஓடியாடும் குழந்தையிடமும் அது இருக்கும். அளந்து பார்த்தமையாலேயே அதை அறிந்தோம்.

கணக்கு திட்டமான வரலாறு

கணக்கெடுப்பதால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்பதுண்டு. நம் மாநிலத்தின் அனுபவமே இதற்கு விடை.

1956-இல் திரு. காமராஜ் அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்தது. அது பள்ளிக்கு வரும் வயதுடைய பிள்ளைகளுக்கு உதவியது. 1970-களின் தொடக்கத்தில் நடந்த ஊட்ட ஆய்வு ஒன்று, பெருங்குறை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமே இருப்பதையும், அவர்களை அன்றைய உணவுத் திட்டங்கள் சரியாக எட்டவில்லை என்பதையும் எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிற்று. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரம் அதன் முதற்களமாய் அமைந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தையை இனம் கண்டு, அக்குழந்தைக்கு 90 நாட்கள் துணை உணவு கொடுத்தார்கள், தேறியபின் நிறுத்தினார்கள். தாய்க்கு வரைபடத்தைக் காட்டிப் பேசினார்கள். கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாகப் பின்னர் நடந்த மதிப்பீடுகள் தெரிவித்தன. எடைத் தராசும் ஓர் அட்டையும் செய்த வேலை இது. 1982 ஜூலை 1 அன்று திரு. எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் இவ்வரிசையில் வந்தவை.

மற்றொரு வரலாறு மனத்தை வருத்துவது. ஒரு காலத்தில் சேலம், தருமபுரி முதலிய பகுதிகளில் பெண் சிசுக்கள் பிறந்த சில நாட்களில் இறந்தன. வீட்டார் வேறு காரணம் கூறினர். ஊர் மௌனம் சாதித்தது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இத்தகைய மரணங்களின் காரணம் "சமூகக் காரணம்" என்று எழுதப்படலாயிற்று. இரண்டே சொற்கள். ஆனால் அவற்றை மாவட்டவாரியாகவும் வட்டாரவாரியாகவும் கூட்டிப் பார்த்தபோது, கொடுமை எங்கெங்கே எவ்வளவு நடக்கிறது என்பது மறுக்க இயலாதபடி வெளிப்பட்டது. பிரச்சாரத்தை எந்த ஊர்களில் நடத்துவது, எந்தத் தாய்மாரைச் செவிலியர் அடிக்கடி சென்று பார்ப்பது என்று தீர்மானிக்க முடிந்தது. எழுதாதிருந்தவரை அக்குழந்தைகள் பிறந்ததற்கும் சாட்சியில்லை, இறந்ததற்கும் சாட்சியில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 948 பேரும், 2001-இல் 942 பேரும், 2011-இல் 943 பேரும் இருந்தனர். இக்கணக்கை மூடிவைக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

சராசரி மறைப்பது எது?

மாநிலக் கணக்கு அவசியம். ஆனால் அது போதாது. மாவட்டத்தில் சராசரி மழை பெய்திருக்கலாம். அதனால் நம் ஊர் ஏரி நிரம்பிவிட்டது என்று பொருளாகாது. 2019-21 ஆய்வு அதற்கு முன்பிருந்த 32 மாவட்டங்களின் எல்லைப்படி நடந்தது. 2019-இலும் 2020-இலும் உருவான ஆறு புதிய மாவட்டங்களுக்கு அதில் தனிக்கணக்கு கிடையாது. மாவட்டத்துக்கே இவ்வாறெனில், கிராமத்தின் நிலையை அத்தகைய ஆய்வு கூற இயலாதென்பது வெளிப்படை. கிராமத்தின் கணக்கைக் கிராமத்தின் பதிவேடே கூற வேண்டும்.

அப்பதிவேட்டைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்டுக்கு 40 குழந்தைகள் பிறக்கும் பஞ்சாயத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓராண்டில் ஒரு குழந்தை இறந்தால், ஆயிரத்துக்கு 25 என்று கணக்காகிறது. மாநிலத் தொகையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறு ஆண்டில் மரணம் இல்லையெனில் பூஜ்யமாகிறது. இதைக் கொண்டு அவ்வூர் முதலாண்டில் கெட்டுப்போயிற்று என்றும், மறு ஆண்டில் திருந்திவிட்டது என்றும் கூறுதல் தவறு. ஆயிரத்துக்கு 13 என்ற மாநில அளவே நிலவும் ஊரிலும், 40 பிறப்புக்கு இரண்டாண்டுகளில் ஒரு மரணம் எதிர்பார்க்கத்தக்கதே. எனவே கிராம அளவில் விகிதாசாரம் போட்டு அண்டை ஊரோடு ஒப்பிடுவதால் பயனில்லை. அந்த ஒரு குழந்தை ஏன் இறந்தது என்று கேட்பதே பயன் தரும். எடை குறைந்து பிறந்ததா? தாய்க்கு வயது என்ன? காய்ச்சல் கண்டு எத்தனை நாள் கழித்து மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள்? வாகனம் கிடைத்ததா? இக்கேள்விகளின் விடையில் பஞ்சாயத்து செய்யக்கூடிய காரியம் ஒன்றாவது இருக்கும்.

அளவையின் நேர்மை

தராசு சரியில்லையெனில் நெல் விற்கும் விவசாயி சும்மா இருப்பதில்லை. குழந்தையை நிறுக்கும் தராசுக்கும் அதே கண்டிப்பு தேவை. எடை போடுமுன் முள் அல்லது எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கனத்த உடையைக் களைய வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்க வைத்தும் நீளம் அல்லது உயரம் அளக்க வேண்டும். வயது நாள் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் குறையுள்ள குழந்தை நலமுள்ளதாகத் தோன்றக்கூடும்.

பொதுவாக, குழந்தையின் எடை ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடையைப் போல் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆகும். பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அக்குழந்தைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். வளர்ச்சி அட்டையில் பச்சைப் பட்டையில் இருப்பது நல்லது. எனினும் குழந்தை எந்தப் பட்டையில் உள்ளது என்பதைவிடக் கோடு எத்திசையில் செல்கிறது என்பது முக்கியம். பச்சைப் பட்டையிலேயே இரண்டு மாதம் கோடு மட்டமாகச் சென்றால் அது அபாய அறிகுறி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, இரு பாதங்களிலும் வீக்கம் கண்டாலோ தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நாம் வட்டாரத்தில் சுற்றிவரும்போது ஓர் ஊரின் பதிவேட்டில், ஒரே குழந்தைக்கு மூன்று மாதங்கள் தொடர்ந்து 200 கிராம் வீதம் எடை ஏறியதாக எழுதியிருக்கக் கண்டோம். விசாரித்தபோது, தராசு பழுதாகி நான்கு மாதங்களாயின என்று தெரிந்தது. பழுது பார்க்கக் கேட்டால் குறை கூறுவார்களோ என்று அஞ்சி, ஏறியிருக்கக்கூடிய எடையை எழுதியிருந்தார்கள். குழந்தையை வேறு தராசில் நிறுத்தபோது எடை ஏறவேயில்லை என்பது தெரிந்தது. இதில் பணியாளரை மட்டும் கடிந்து பயனில்லை. குறைந்த எண்ணைக் கொண்டுவருபவரைக் கண்டிக்கும் வழக்கம் உள்ள இடத்தில், நல்ல எண்களே வந்துசேரும். குழந்தைகள் மட்டும் மெலிந்துகொண்டிருப்பார்கள். குறையைக் கண்டு எழுதியவரைப் பாராட்டும் வழக்கத்தை அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் கைக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத குழந்தை

எழுதிய எண்ணில் பிழை இருந்தால் திருத்தலாம். எழுதவே படாத குழந்தைக்கு என்ன செய்வது? செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்வோரின் பிள்ளைகள், சொந்த ஊர்ப் பதிவேட்டில் "ஊரில் இல்லை" என்று விடப்படுகின்றனர்; சென்ற ஊரிலோ அவர்கள் "வெளியூரார்." தடுப்பூசியும் துணை உணவும் எடைக் கணக்கும் மிகுதியாகத் தேவைப்படுவோர் இவர்களே. மலைச்சரிவுக் குடியிருப்புகள், புறம்போக்கில் குடிசை போட்டிருப்போர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், உடற்குறையுள்ள குழந்தைகள் ஆகியோரும் இவ்வாறு விடுபடக்கூடியவர்கள். நூற்றுக்கு நூறு தடுப்பூசி என்று எழுதப்பட்டிருந்தால், அந்த நூறில் இவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்பது உறுப்பினரின் கடமை. எந்தத் தெருவில் எந்த வீடு புதிதாய் வந்தது, எது பூட்டிக் கிடக்கிறது என்பதை அலுவலர்களைவிட வார்டு உறுப்பினரே நன்கறிவார்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

நம் பஞ்சாயத்துகளின் வளர்ச்சித் திட்டத்துக்கு வகுக்கப்பட்ட ஒன்பது கருப்பொருள்களில் குழந்தை நேயக் கிராமம் என்பதும் ஒன்று. பஞ்சாயத்துத் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் ஏற்பாடு உண்டு. எனவே புதிய சட்டமோ பெருந்தொகையோ இதற்குத் தேவையில்லை. பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. ஆண்டுக்கு ஒருமுறை வார்டுவாரியாக வீடு வீடாகச் சென்று, 18 வயதுக்குட்பட்ட எல்லோர் பெயரும் ஏதேனும் ஒரு பதிவேட்டில் உள்ளதா என்று சரிபார்த்தல்.

2. ஆறு எண்களை ஒரே தாளில் எழுதிவைத்தல்: பிறப்பு, 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு, ஐந்து வயதுக்குட்பட்டோரின் மரணம், எடை குறைந்த குழந்தைகள், தடுப்பூசி முடியாதவர், பள்ளியை விட்டு நின்றவர்.

3. அத்தாளைக் கிராம சபையில் படித்தல். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். எண்ணை மட்டுமே படிக்க வேண்டும். எந்தக் குழந்தையின் பெயரையும் எந்தத் தாயின் பெயரையும் சபையில் கூறுதல் ஆகாது. கூறினால் அடுத்த மாதம் அத்தாய் தராசுக்கு வரமாட்டார்.

4. ஒவ்வொரு சிசு மரணத்தையும், குற்றம் சாட்டும் நோக்கமின்றி, செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் அமர்ந்து ஆராய்தல்.

5. தராசு, குடிநீர், கழிப்பறை, கட்டடக் கூரை ஆகியவற்றின் பழுதைப் பஞ்சாயத்தின் பொறுப்பாகக் கருதி உடனே நீக்குதல்.

6. பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையும், இரும்புச் சத்து மருந்தும் எல்லாக் குழந்தைகளுக்கும் சேருகின்றனவா என்று கவனித்தல்.

7. பெண்ணுக்கு 18 வயது நிறையுமுன் திருமணம் பேசப்படுவதாகத் தெரிந்தால் தடுத்தல். 2019-21 ஆய்வின்போது 20 முதல் 24 வயது வரையிருந்த தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவிகிதத்தினர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள். இளந்தாயின் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கு வாய்ப்பு அதிகம். இத்தகைய தகவலை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.

விவசாயப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாய்மார் வயலில் இருக்கும்போது, கைக்குழந்தைக்கு வேளைக்கு உணவும் பாலும் கிடைக்கின்றனவா என்பதை வேலை கொடுப்பவர் எண்ணிப் பார்க்கலாம். தம் கொல்லையில் விளையும் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறும் சந்தைக்குப் போகுமுன் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வரலாம். எடை போடும் நாளில் தந்தையும் அங்கன்வாடிக்குச் சென்று வளர்ச்சி அட்டையைப் பார்க்கலாம். பயிரின் வாட்டத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும் கண்ணுக்கு அந்தக் கோட்டைப் படிப்பது கடினமன்று.

மாநிலம் வகுக்கும் கொள்கை, கிராமத்தில் எழுதப்படும் எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் மெய்யானால் உதவி உரிய இடத்துக்கு வரும். பொய்யானால் குறையே இல்லை என்று கருதி வேறிடம் செல்லும். ஆகவே வரும் கிராம சபைக்கு முன் ஒரு நாள், உறுப்பினர்கள் தத்தம் வார்டின் அங்கன்வாடிக்குச் சென்று, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, சென்ற மாதம் எடை ஏறாத குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டு வருவார்களாக. அவ்விடையைக் குறித்துக்கொண்டு சபைக்கு வந்தால், எதைப் பற்றிப் பேசுவது என்ற கேள்விக்கு இடமிராது.